பத்து மணி வெளிச்சத்தில் உன் அத்தா

கண்ணு,

ஸலாம். இங்கே நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வரியைத்தான் எழுத முடியவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. உன் அத்தாவும் கூடத்தில்தான் இருக்கிறார். அதோடு நான் வாயைத் திறந்ததுமே, "அம்மா, நீங்க ஒண்ணுன்னா ஒம்பதுன்னு நெனைச்சுக்கறீங்க" என்று நீ பேச்சை முடித்துவிடுகிறாய். கடிதத்தைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது பார். அதனால்தான் சமையல் மேடையில் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். உட்கார்ந்தால் உடனே எழுந்து போய்க் கூடத்தை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் வயதின் மேல் பழி போடாதே. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

உன் பயணத்தைத் தடுக்க இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தைக் கோபத்தோடு படிப்பாய். அடுத்த மாதம் நீ அந்தப் பனி தேசத்துக்குப் போகத்தான் வேண்டும். ஏன் அவ்வளவு தூரம் என்று தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் நீ சொல்லிக்கொடுத்த பாடத்தை நானும் ஒப்பிக்கிறேன்: உன் வேலை செயற்கைக்கோள்களோடு, அவை வடக்கும் தெற்குமாகச் சுற்றுகின்றன, நம் ஊர்ப் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டொரு தடவைதான் தலைகாட்டும், முனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் சுற்றுக்குச் சுற்று கண்ணில் படும். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள் என்பதற்கு மேல் உன் பயணத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

விஷயம் வேன் சாவி. போன ஞாயிற்றுக்கிழமை அத்தாவிடம் என்ன சொன்னாய்? "அம்மாகிட்டச் சாவிய வாங்கிட்டு மலைக்குப் போய்ட்டு வாங்கத்தா. ஊட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா ஒடம்பு என்னத்துக்காகும்?" நீ சொன்னது பாசத்தில்தான். ஆனால் அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கும் அவருக்கும் நடப்பது போர். சாவியை என் தையல் மிஷின் டிராயரில், பாபின்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். காலையில் அவர் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. மதியம் சாய்ந்ததும் தொடங்கிவிடுகிறார். நான் என்ன சொன்னாலும், "பையனே சொல்லிட்டான், நீ ஆரு தடுக்கறதுக்கு?" என்கிறார். நான் யார் என்று அவர் கேட்பதில் எவ்வளவு கோபம், எவ்வளவு நிஜமான கேள்வி என்று எனக்கே இப்போதெல்லாம் தெரிவதில்லை.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து நிற்கிறார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார்.

"ஏம்புள்ள, வேன் சாவி எங்க வெச்ச?"

"எங்கீங்க போறீங்க இந்நேரத்துக்கு?"

"மலைல மேகம் கட்டுது, பாரு. மொளகு பாறைல கெடக்குது. பையன் ஒண்டியா நிக்கறான்."

"மொளகெல்லாம் அள்ளியாச்சுங்க. டீ போட்டுத் தாரேன், உக்காருங்க."

உட்கார்ந்திருக்கிறார். டீ குடித்தால் கொஞ்ச நேரம் மறந்திருப்பார். எந்த மிளகு, எந்தப் பையன் என்று உனக்குத் தெரியும். அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் போன மாதம் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், நீ போனில் பாதிதான் கேட்டாய்.

நான் பக்கத்துத் தெருவில் ஒரு மய்யித்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வேனைக் காணோம். பொழுது சாய்கிற நேரத்தில் மலை மேல் வளப்பூர் நாட்டுக் காளியப்பன் அத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் யாரோ ஒரு டிரைவர் நம் வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். காளியப்பனை நீ மறந்திருக்க மாட்டாய். நம் வியாபாரத்துக்கு வருடா வருடம் மிளகு போடுகிற மனிதர். அன்றைக்கு அவர் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தாராம். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் டிரைவர் அலறிக்கொண்டு பிரேக் போட்டிருக்கிறார். எதிரே, வளைவின் நட்ட நடுவில், நம் வேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் அத்தா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"என்னாச்சுங்க பாய்னு ஓடிப்போய்க் கேட்டனுங்க அம்மா," என்றார் காளியப்பன். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "மலைக்கு மேல போற பக்கம் எதுங்கன்னு என்னையக் கேட்டாருங்க. அப்பறம் நீங்க ஆருங்கன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பஸ்ல இருந்தவிய சிரிச்சாங்க. ஏனுங்க சிரிக்கறீங்கன்னு நாஞ் சத்தம் போட்டுட்டனுங்க."

எழுபது வளைவையும் தூக்கத்தில் ஓட்டுவார் என்று ஊரே சொன்ன மனிதர். பஸ் டிரைவருடைய கால் ஒரு நொடி பிந்தியிருந்தால் உன் அத்தா மட்டுமல்ல, அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களும் பள்ளத்தில். இதை அந்த வார ஞாயிற்றுக்கிழமையே உன்னிடம் சொன்னேன். நீ அத்தாவிடம் கொடுக்கச் சொன்னாய். அவர் போனை வாங்கி, "பெட்ரோல் அடைச்சுக்கிச்சுப்பா, அதான் நின்னுட்டேன், உங்கம்மா ஊரக் கூட்டிட்டா" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் பக்கத்தில் நின்று இரண்டு சிரிப்பையும் கேட்டேன்.

உன் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் ஆசை. அந்த நேரத்தில் கேட்கிற யாருக்கும் சந்தேகம் வராது. ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் அத்தா ராஜா. விடியலில் பள்ளிவாசலுக்குப் போய் வந்து, பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்து, மிளகு விலைக்கு மந்திரியைத் திட்டி, ஆப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பத்தவில்லை என்று என்னையும் திட்டி முடித்திருப்பார். அப்போதுதான் உன் போன் மணி அடிக்கும். உன் செயற்கைக்கோளின் சேதியைக்கூடக் கேட்கிறார் இல்லையா? டாக்டரிடமும் அப்படித்தான். காலையில்தான் டோக்கன் கிடைத்தது. டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, டாக்டருடைய ஸ்டெதாஸ்கோப் பழசாகிவிட்டது என்று கிண்டல் வேறு. "உங்க வீட்டுக்காரர் நம்மளவிடத் தெளிவா இருக்காரும்மா" என்று அனுப்பிவிட்டார். நீ ஊருக்கு வருவதும் ராத்திரி பஸ்ஸில் ஏறி, விடியலில் இறங்கி, மதியச் சாப்பாடு முடிந்ததும் பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கிற வருகைதான். யோசித்துப் பார் கண்ணு, உன் அத்தாவை, மதியம் சாய்ந்து அஸர் பாங்கு சொல்லும் வேளையில் நீ கடைசியாகப் பார்த்தது எப்போது?

இப்போது அந்த மிளகுக்கு வருகிறேன். நீ இன்ஜினியரிங் கடைசி வருடம். பரீட்சைக்கு முந்தைய லீவில் வந்தவன், என் ஜன்னல் திரை மாட்டுகிற அலுமினியக் கம்பிகளைக் கழற்றி, வெட்டி, ஒரு கட்டையில் மீன் முள் மாதிரி குறுக்கே குறுக்கே கட்டினாய். செயற்கைக்கோள் அனுப்பும் படத்தைப் பிடிக்கிற ஆன்டெனாவாம். அந்த வருடம் முழுக்க என் ஜன்னல்கள் திரையில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. நம் வீட்டுக்கு மேல் மலை பாதி வானத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, கோள் வந்தாலும் சீக்கிரம் மறைந்துவிடுகிறது என்று, பழைய கம்ப்யூட்டரையும் ரிசீவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு, வளப்பூரில் நாம் மிளகு வாங்கி வைக்கிற அறைக்குப் போய்விட்டாய். பின்னாலேயே உன் அத்தாவும் போனார். வியாபாரத்தைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னார்.

ஒரு நாள் நானும் சோற்றுத் தூக்கோடு வந்தேனே, அன்றைக்குக் கண்ட காட்சி எனக்கு மறக்காது. நீ அறைக்குள் ரிசீவர் முன்னால். வெளியே பாறை மேல், காலை வெயிலில், உன் அத்தா அந்த மீன் முள்ளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வடக்கைப் பார்த்து நிற்கிறார். ஆன்டெனாவைத் திருப்ப மோட்டார் வேண்டுமாம். உனக்குக் கிடைத்த மோட்டார் அவர். "வந்துருச்சுத்தா! மெதுவாத் திரும்புங்க. தூங்கற கொழந்தையத் தோள்ல வெச்சுட்டுத் திரும்பற மாதிரி" என்று நீ உள்ளிருந்து கத்துகிறாய். ரிசீவரில் டிக் டிக் என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒரு விசில். அவர் வடக்கிலிருந்து தெற்காக அங்குலம் அங்குலமாகத் திரும்புகிறார், கை வலித்தாலும் இறக்கவில்லை. திரையில் வரிவரியாகப் படம் இறங்குகிறது. முதலில் இமயமலை, பிறகு கடற்கரை, கடைசியில் சிலோன். அது முடிந்ததும் அவர் உள்ளே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டார். நீ திரையில் விரல் வைத்துக் காட்டினாய். அவர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

அது தினமும் காலையில், சற்று முன்னே பின்னே, அதே வேளையில்தான் வரும் என்றாய். ஏன் அப்படி என்று நான் கேட்டேன். "சூரியனோட ஒத்துப்போற சுத்துப் பாதைம்மா. எந்த ஊருக்கு மேல போனாலும் அந்த ஊர்ல ஏறக்குறைய அதே பொழுதா இருக்கும். வெயிலும் நெழலும் ஒரே மாதிரி விழும். அப்பத்தான் நேத்தைய படத்தையும் இன்னைக்குப் படத்தையும் ஒத்துப் பாக்க முடியும்" என்றாய். இருட்டிய பிறகு ஒரு தடவை திரும்ப வரும். மதியத்தில் வருகிற வேறொன்றும் இருந்ததாம். அந்த நேரத்தில் வளப்பூரில் கரண்ட் இருக்காது என்று நீ அதை விட்டுவிட்டாய்.

பிறகு அப்பனுக்கும் மகனுக்கும் தலைகால் தெரியவில்லை. "எம் பையன் மேகத்தக் கேட்டுச் சொல்லுவான்" என்று அத்தா மலை முழுக்கச் சொல்லிவிட்டார். "தம்பி, இன்னிக்கு ஈரம் வருங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் மிளகைப் பாறையில் கொட்டினார்கள். நீ சொன்னதும் சில நாள் பலித்தது. அது கோடை மழை தொடங்குகிற மாதம். அந்த மாதத்தில் மலையில் மிளகு காயப் போடுகிறவர்கள் உச்சிப்பொழுதுக்கு மேல் பாறையில் விடமாட்டார்கள். கூட்டி அள்ளி, படுதா போட்டு மூடிய பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். அன்றைக்குக் காளியப்பனுக்குப் பெரக்கரை நாட்டில் மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தம். மூட ஆள் இல்லை, விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டார். நீ படத்தைப் பார்த்து, "கடல் வரைக்கும் ஒரு பஞ்சுப் பொதி கூட இல்லீங்க" என்றாய். "எம் பையன் சொல்லிட்டான், தைரியமாப் போய்ட்டு வாங்க கவுண்டரே" என்று அத்தா அவரைப் பஸ் ஏற்றிவிட்டார். நீங்களும் கீழே இறங்கி வந்துவிட்டீர்கள்.

மதியத்துக்கு மேல் மலையில் மேகம் கட்டியது. அஸர் நேரத்தில் பெய்தது பார், அது மழையா! அத்தா வேனை எடுத்துக்கொண்டு மேலே பறந்தார். போய்ச் சேர்வதற்குள் பாறை கழுவிவிட்டாற்போல இருந்ததாம். மிளகில் பாதி ஓடையோடு போய்விட்டது, மீதி பூஞ்சணம் பிடித்தது. அத்தா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார், காளியப்பனிடம் போய் நின்று பேசி ஈடுகட்டினார், அதோடு விட்டுவிட்டார். நீதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் அந்தப் படத்தையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு சமையலறைக்கு வந்து, இதோ நான் நிற்கிற இந்த மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "அம்மா, அந்தப் படம் பொய் சொல்லல. நாந்தான் மலைய ஒரே நேரத்துல பாத்திருக்கேன். இந்த மேகம் மத்தியானத்துக்கு மேல இங்கயே பொறக்குது. காலைப் படத்துல அது இருக்கவே இருக்காது. ஒரே நேரத்துல நூறு படம் எடுத்தாலும் மத்தியானத்தப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

கண்ணு, அன்றைக்கு நீ சொன்னதைத்தான் இன்றைக்கு உன்னிடமே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை வைத்துக்கொண்டு உன் அத்தாவைக் கணக்குப் போடாதே. மதியத்துக்கு மேல் அவர் வேறு ஆள். நம் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறார். என்னைச் சில நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், சில நாள் செத்துப்போன அவர் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். மலையில் மேகத்தைக் கண்டுவிட்டால் போதும், மிளகு நனைகிறது என்று கதவை ஆட்டுகிறார். போன வெள்ளிக்கிழமை சாவி கேட்டு என் கையை முறுக்கிவிட்டார். வளையல் உடைந்தது. அடுத்த நாள் காலையில் கையைப் பார்த்துவிட்டு, "எங்கடி இடிச்சுக்கிட்ட?" என்று கேட்டுத் தைலம் தேய்த்துவிட்டார். நான் கதவில் இடித்தேன் என்றேன். தேய்க்கும்போது அழுதுவிட்டேன், வலிக்குதா என்று கேட்டார்.

உனக்குத் தெரியாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. நீ போன் பண்ணும்போது நான் ஏன் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று நினைத்தாய்? காலையிலும் சில வார்த்தைகள் அவருக்கு நழுவத் தொடங்கிவிட்டன. நீ எந்த ஊரில் இருக்கிறாய், எந்தத் தேசம் போகிறாய் என்று நான் உதட்டை அசைத்துக் காட்டுவேன், அவர் அதைப் பார்த்துச் சொல்வார். பரீட்சை ஹாலில் பிட் கொடுக்கிற மாதிரி. வெளியூரில் இருக்கிற பிள்ளை கலங்கக் கூடாது என்றுதான் செய்தேன். செய்துவிட்டு நீ நம்பவில்லையே என்று உன்னிடமே கோபித்துக்கொள்கிறேன், என்னை என்ன சொல்ல!

நான் கேட்பது இரண்டு. முதலாவது, சாவி. நான் பிடுங்கி வைத்தால் அது திருட்டு, சண்டை. நீ கேட்டால் அவரே விட்டுக் கொடுப்பார். போவதற்கு முன் ஒரு நாள் வா. இந்தத் தடவை பகல் பஸ்ஸில் ஏறி மதியம் சாயும்போது வந்து இறங்கு. அன்று மதியத்துக்கு மேல் அவரை வெறுமனே பார், ஒன்றும் சொல்லாதே. இரவு தங்கு. மறுநாள் காலையில், அவர் ராஜாவாக இருக்கும் வேளையில், எதிரே உட்கார்ந்து உண்மையைச் சொல். அத்தா, வளைவில் நடந்தது இது, உங்களுக்கு மறந்துபோகிறது, இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று சொல். டாக்டரைத் திட்டுகிற மாதிரி உன்னையும் திட்டுவார். வாங்கிக்கொள். அறிவுள்ள மனிதரிடம் அறிவு இருக்கும் நேரத்தில் கேட்காமல், அவர் தூங்கும்போது வேனை விற்றுவிடலாம் என்று மட்டும் யோசனை சொல்லாதே. எனக்கும் அந்த யோசனை வந்தது, தூ என்று ஒதுக்கிவிட்டேன்.

டீ தம்ளர் கீழே விழுந்த சத்தம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மலை மேல் இன்னும் இருட்டிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது, நீ வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே, ஞாயிறு வரட்டும் என்று காத்திராமல், அஸர் நேரத்தில் போன் போடு. அவர்தான் எடுப்பார். நான் பக்கத்தில் நிற்க மாட்டேன், இங்கே அடுப்படியில் இருப்பேன், உதட்டை அசைக்க மாட்டேன். ஸலாம் சொல். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் காத்திரு. உன் குரலைக் கண்டுகொண்டு அவர் உன் பெயரைச் சொல்லிவிட்டால், நான் எழுதியதெல்லாம் ஒரு கிழவியின் பயம் என்று கிழித்துப் போடு. சாவியை அப்போதே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். சொல்லவில்லை என்றால், என் தங்கமே, போனை மட்டும் வைத்துவிடாதே. அழுகை வந்தாலும் வைக்காதே. உன் பெயரை நீயே சொல். எந்த ஊட்டுப் பையன் என்று கேட்பார். அதையும் சொல்.

உன் அம்மா